நாடகக் கம்பெனி வண்டிக்குப் பூட்டிய கம்பி

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும் வழியில் நம் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். உங்களில் ஒருவர் ஒரு பிக்கப் வண்டியின் பின் அச்சில் குறுக்குக் கம்பி பூட்டி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வண்டிக்காரரிடம், "இனிமே சாயவே சாயாது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். ஓய்வுபெற்ற ஆள் பட்டறையில் நின்று வாயைத் திறந்தால், அவர் போகும்வரை யாரும் வேலை பார்க்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்வீர்கள்.

"சாயவே சாயாது" என்று நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அது சைகோனில், பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில். அதைச் சொல்லி ஒரு மழை பெய்வதற்குள் வார்த்தையைத் திரும்ப விழுங்கவும் செய்தேன். அந்தக் கதைதான் இது.

அப்போது கான் ஹொய்யில், துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால், எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. அக்கம்பக்கத்து அன்னாமியர்கள், அதாவது வியட்நாம்காரர்கள், என்னை "ஆன் பாய்" என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் ஆன் என்றால் அண்ணன், பாய் என்றால் ஏழு. சீனர்களெல்லாம் அவர்களுக்கு மூன்றாம் சித்தப்பா, நாமெல்லாம் ஏழாம் அண்ணன். ஏன் ஏழு என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நமக்கோ ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற பாய் மாதிரியே காதில் விழும். அந்த ஒரு சொல்லாலேயே பாதி அயலூர்க் கூச்சம் போய்விட்டது.

சுல்தான் என்று ஒரு பையன், நம் காரைக்கால்தான், அங்கே ஒரு நாடகக் கம்பெனிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். டோங் டு பள்ளிவாசலில் பழக்கம், என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவான். ஜவுளிக்கடையில் துணி மூட்டை தூக்குவதற்காக வந்தவன், ஸ்டீயரிங்கைத் தொட்ட நாளிலிருந்து துணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி ஒரு பிரெஞ்சு கமியோனெத். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. இன்றைக்கு நீங்கள் பிக்கப் என்கிறீர்களே, அதுதான்.

அந்தக் கம்பெனி ஊர் ஊராகப் போய்ப் பாட்டு நாடகம் போடும். நடத்தியவர் ஓர் அம்மாள். எல்லோரும் அவரை நாலாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அது "சீ தூ". சுல்தானுக்கு அது வாயில் வரவேயில்லை. "நானா, சம்பளம் குடுக்குற பொம்புளைய நின்னு பாத்து சீ, தூன்னு எப்புடி நானா கூப்புடுறது?" என்று என்னிடம் வந்து புலம்பினான். கடைசியில் "அக்கா" என்று தமிழிலேயே கூப்பிட்டுவிட்டான். அர்த்தம் என்ன என்று கேட்டார், சொன்னான், அவருக்குப் பிடித்துப்போனது. பிறகு கம்பெனி முழுக்க அவர் அக்காதான்.

அக்கா சிறிய உருவம், வெற்றிலை போட்ட வாய், மேடைக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்தி உடைந்துபோன குரல். ஒரு காலை நேரத்தில் சுல்தானை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் பட்டறைக்குள் வந்தார்.

"ஆன் பாய், உங்க ஊர்ப் பையன் குடிக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். அப்ப இந்த வண்டிதான் குடிக்குதா?"

நடந்தது இது. கான் ஹொய் பாலத்திலிருந்து இறங்கி ஆற்றோரச் சாலைக்குத் திரும்புகிற வளைவில் வண்டி சாய்ந்திருக்கிறது. கொஞ்சநஞ்சமல்ல, ஒரு பக்கத்து ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, தட்டு தரையைத் தொடப் போயிருக்கிறது. மேலே கட்டியிருந்த அரண்மனைத் தூண், மூங்கிலில் செய்து தங்க வண்ணம் பூசியது, கயிறு அறுந்து நூடுல்ஸ் விற்கிற ஒரு பெண்ணின் அடுப்பில் போய் விழுந்து, சூப்பெல்லாம் சாலையில் ஓடியிருக்கிறது. அதுவரைக்கும் சிரிக்கிற கதைதான். ஆனால் சாமான்களுக்கு மேலே அக்காவின் தங்கை உட்கார்ந்திருந்தாள். கம்பெனியின் நாயகி அவள்தான், பத்தொன்பது இருபது வயது இருக்கும். கயிற்றைப் பிடித்துத் தொங்கித் தப்பித்திருக்கிறாள். கயிறு உரசி இரண்டு உள்ளங்கையும் தோல் கிழிந்திருந்தது.

"நாளை மறுநாள் காலையில மீ தோ போகணும். கோயில் திருவிழா. மேடை போட்டாச்சு," என்றார் அக்கா. "வண்டி இப்படியே இருந்தா வித்துடுவேன். படகு வாங்கிக்குவேன். படகுக்கு டிரைவர் வேண்டாம்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது சுல்தானைப் பார்க்கவில்லை. அவனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் பட்டைகள் களைத்திருந்தன, ஆனால் உடையவில்லை. வழக்கமான வைத்தியம், பட்டை சேர்ப்பது. சேர்த்தால் வண்டி கட்டை போல ஆகிவிடும். மேடை விளக்குகளின் கண்ணாடி ஒன்றுகூட மீ தோ போய்ச் சேராது. அப்போதுதான் கொஞ்ச நாள் முன்பு ஒரு பிரெஞ்சு டாக்டரின் புதுக் காரின் அடியில் பார்த்தது ஞாபகம் வந்தது. குறுக்கே ஓர் உருக்குக் கம்பி, இரண்டு முனையும் முழங்கை போல மடங்கியிருக்கும். நடுப்பாகத்தை அச்சோடு ரப்பர் வைத்துப் பூட்டி, முனைகளை வண்டிச் சட்டத்தோடு இணைத்திருந்தார்கள். வண்டி ஒரு பக்கம் சாயப் பார்த்தால் கம்பி முறுக்கிக்கொண்டு இழுத்துப் பிடிக்கும். நேரே போகும்போது சும்மா கிடக்கும். நீங்கள் ஸ்வே பார் என்று சொல்வதுதான். அன்றைக்கு எனக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. சுல்தானுக்கு விளக்கியபோது, "அட, கைலிக்கு பெல்ட்டு கட்டுற மாரி வண்டிக்கும் ஒரு பெல்ட்டு!" என்றான்.

இருவரும் துறைமுகத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு நல்ல உருக்குக் கம்பியைப் பொறுக்கிக்கொண்டு சோலோனுக்குப் போனோம். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு சீனக் கொல்லர் இருந்தார், அவரும் எல்லோருக்கும் மூன்றாம் சித்தப்பாதான். கம்பியைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது யானை கட்டுற கம்பி. எதுக்கு இவ்வளவு தடிமன்?"

"தடிமனா இருந்தாத்தான் பிடிக்கும், சித்தப்பா."

"காசு உன்னுது, கம்பி உன்னுது," என்று உலையில் வைத்தார். முனைகளை நான் கேட்டதைவிட நீளமாக மடக்கிவிட்டார். வெட்டித் தாருங்கள் என்றேன். வெட்டுவதற்கு மறுபடி உலை மூட்ட வேண்டும், உனக்கு வேண்டுமானால் நீ போய் வெட்டிக்கொள் என்று டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கும் பொறுமை இல்லை. உபரியாக நீட்டிக்கொண்டிருக்கட்டும் என்று அப்படியே கொண்டுவந்து, மடிப்புக்குப் பக்கத்திலேயே துளை போட்டுப் பூட்டினேன். பழைய டயரை அறுத்து ரப்பர். வேலை எப்படிச் செய்தேன் என்பதை விட்டுவிடுகிறேன், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். அடுத்து நடந்ததுதான் விஷயம்.

மறுநாள் மதியம் நாடகக் கம்பெனி சாமான்களோடு பட்டறை வாசலில் வந்து இறங்கியது. அக்காவுக்கு வார்த்தையில் நம்பிக்கை கிடையாது, கண்ணால் பார்க்க வேண்டும். முழுச் சுமையையும் ஏற்றிக் கட்டினார்கள். கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பெரிய செம்மண் திடல் உண்டு. சுல்தான் அதில் வண்டியை வளைத்தான். இடது, வலது, மறுபடி இடது. வண்டி மேசை போல நின்றது. மேலே உட்கார்ந்திருந்த ராஜபார்ட் நடிகர், பருத்த ஆள், கையை விரித்துக்கொண்டு பாடவே தொடங்கிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு என் முதுகில் ஓர் அடி வைத்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு, "இனி சாயவே சாயாது, அக்கா" என்றேன்.

அந்தக் கைதட்டலைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நம் தொழிலில் ஆபத்தான நேரம் வண்டி ஜாக்கியில் நிற்கிற நேரம் அல்ல. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிற நேரம். அப்போது யாரும் எதையும் பார்ப்பதில்லை.

நான் பார்த்ததும் தற்செயல்தான். சுல்தான் கொண்டுவந்து நிறுத்தினபோது எங்கேயோ விழுந்த ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டு திடலில் நடந்தேன். புழுதியில் சக்கரத் தடங்கள் அழகாகப் பதிந்திருந்தன. நேரே போன இடத்தில் எல்லாச் சக்கரங்களும் பதிந்திருந்தன. வளைவில் மட்டும், உட்பக்கத்துப் பின்சக்கரத்தின் தடம் மெலிந்து, மெலிந்து, ஓரிடத்தில் காணவேயில்லை. கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி தொடங்கியது.

சக்கரம் அந்தரத்தில் போயிருக்கிறது. என் தடிக் கம்பி வண்டியைச் சாயவிடாமல் பிடித்தது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் உட்பக்கத்துச் சக்கரத்தையே தரையிலிருந்து தூக்கிவிட்டது. பின்பாகம் முழுவதும் ஒற்றைச் சக்கரத்தின் பிடியில் திரும்பியிருக்கிறது. காய்ந்த மண்ணில் அந்த ஒற்றைப் பிடி போதுமாயிருந்தது. ஈரத்தில்?

அண்ணாந்து பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சைகோன் மழை உங்களுக்குத் தெரியாது. தூறல், சாரல் என்றெல்லாம் அதற்கு முன்னுரை கிடையாது.

திரும்பி வந்தால் அக்கா திட்டத்தையே மாற்றிவிட்டிருந்தார். "வண்டிதான் சரியாயிடுச்சே. நாளைக்கு எதுக்கு? இப்பவே கிளம்பினா இருட்டறதுக்குள்ள பாதி வழி போயிடலாம். ஏறுங்க எல்லாரும்!" ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தார்கள். தங்கைக்காரி, கையில் துணிக்கட்டோடு, பெட்டிகளின் உச்சியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக் குடை தேடிக்கொண்டிருந்தாள்.

புழுதியில் ஒரு தடம் இல்லை என்பதைத் தவிர என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. அதையும் அதற்குள் ஆட்கள் மிதித்து அழித்துவிட்டார்கள். என் வேலையை நானே குறை சொல்ல வேண்டும், அதுவும் கைதட்டல் ஓய்வதற்கு முன்பு. கிளம்பவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். போகலாம் என்பதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை உச்சியில் உட்காரவைக்க மனம் வரவில்லை.

அந்த வண்டிக்கு செல்ஃப் வேலை செய்யாது, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். நான் போய் அந்தக் கைப்பிடியை உருவி அக்குளில் வைத்துக்கொண்டு, வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன ஆன் பாய்?"

"வண்டி இன்னும் முடியல அக்கா. ஈரத்துல ஓட்டிப் பாக்கணும். ஆளுங்க இறங்கணும்."

"இப்பதான் சாயவே சாயாதுன்னே!"

"சாயாது. அதுதான் பயமா இருக்கு."

மேலேயிருந்து ராஜபார்ட் கத்தினார். மேடையில் தளபதிகளின் தலையைக் கொய்யச் சொல்லும் அதே குரலில், கைப்பிடியைக் கொடு, இல்லையென்றால் இறங்கி வருவேன் என்றார். "தாராளமா இறங்கி வாங்க, அதத்தான் நானும் சொல்றேன்" என்றேன். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சுல்தான் என் பக்கத்தில் குனிந்தான்.

"நானா, இப்ப இத கெடுத்துடாதிய. போற போக்குல போவட்டும். எம் பொழப்பு நானா."

"ஓட்டப் போறது நீதானே? வண்டி பின்னால வழுக்கினா உன் கைக்குத் தெரியுமா?"

அவன் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அக்காவின் பக்கம் திரும்பி, "எல்லாரும் இறங்கட்டும் அக்கா. நான் முதல்ல ஓட்டிப் பாக்குறேன்" என்றான். வேலை போய்விடும் என்று தெரிந்தே சொன்னான். எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. எல்லோரும் குதித்துக் கிடங்கின் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். சாமான் மேலே தார்ப்பாயோடு இருந்தது. சுல்தான் ஸ்டீயரிங்கில், நான் பக்கத்தில். கதவைத் திறந்து அக்காவும் ஏறி உட்கார்ந்தார். "என் வண்டி. என்னன்னு நானும் பாக்கணும்."

திடல் குழம்பாகியிருந்தது. சுல்தான் மதியம் ஓட்டிய அதே வேகத்தில்கூட ஓட்டவில்லை. முதல் வளைவில் வண்டி துளியும் சாயாமல் திரும்பியது. அக்கா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது வளைவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பின்பாகம் எங்களை முந்திக்கொண்டு போனது. முன்னால் இருந்த கிடங்கு பக்கவாட்டில் ஓடியது, ஆறு வந்தது, பிறகு நாங்கள் வந்த வழியே எதிரில் வந்தது. வண்டி நின்றபோது பின்தட்டுக்கும் அடுக்கி வைத்திருந்த மீன் சாறு ஜாடிகளுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில்கூட நுழைய முடியாது.

எஞ்சின் அணைந்துவிட்டது. கூரையில் மழைச் சத்தம் மட்டும். சுல்தானின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடவில்லை.

அக்கா திரும்பி, பின்கண்ணாடி வழியாகப் பெட்டிகளின் உச்சியைப் பார்த்தார். அங்கே தார்ப்பாய் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"அங்கதான் அவ உட்கார்ந்திருப்பா," என்றார்.

இறங்கி, மழையில் நனைந்துகொண்டே நடந்து போய், தாழ்வாரத்தில் நின்றவர்களிடம் காலையில்தான் கிளம்புகிறோம் என்றார். ஆட்களெல்லாம் பஸ்ஸில், சாமான் மட்டும் வண்டியில்.

கம்பியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கழற்றினால் பழைய குடிகார வண்டி திரும்ப வந்துவிடும். சித்தப்பாவிடம் போய் மெல்லிசாக ஒன்று செய்யவும் நேரம் இல்லை. படுத்து அந்தக் கம்பியையே முறைத்துக்கொண்டிருந்தபோது, வெட்டாமல் விட்ட அந்த நீளமான முனைகள் கண்ணில் பட்டன. கம்பியின் மடங்கிய கை நீளமானால் பிடி இளகும். சித்தப்பாவின் சோம்பலுக்கு துஆ செய்துவிட்டு, முனையோரத்தில் புதுத் துளை போட்டு இணைப்பை அங்கே மாற்றினேன்.

அது பாதி வேலைதான். மீதிப் பாதி மேலே இருந்தது. அந்தத் தட்டில் இருந்ததிலேயே கனமானது ராஜபார்ட்டின் உடுப்புப் பெட்டி. கண்ணாடிச் சில்லும் மணியும் பதித்த அங்கிகள், வாள்கள், கிரீடங்கள். அதுதான் எல்லாவற்றுக்கும் உச்சியில் இருந்தது. அரசன் பெட்டிமேல் எதுவும் இருக்கக் கூடாதாம். அதை அடியில் வைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "என் பெட்டிமேல டிரம் ஏறினா நான் மீ தோவுல வாய் திறக்க மாட்டேன்" என்றார். திருவிழாவுக்கு ராஜா இல்லாமல் என்ன நாடகம்? எனக்கு இரும்பு தெரியும், ராஜாக்களைத் தெரியாது. அக்காவைப் பார்த்தேன்.

அக்கா யோசிக்கவேயில்லை. அவர்கள் கம்பெனியில் ஒரு சின்ன மரப்பெட்டி உண்டு, தங்கள் தொழிலின் ஆதிகுருவை அதில் வைத்துத் தினமும் ஊதுவத்தி கொளுத்துவார்கள். எடை ஒன்றும் கிடையாது. அதை இரண்டு கையாலும் எடுத்துவந்து ராஜபார்ட்டின் முன்னால் நின்றார்.

"குரு சாமி இந்தத் தடவை உன் பெட்டிமேல உட்காரணும்னு ஆசைப்படறார். வேண்டாம்னு சொல்லிடவா?"

ராஜபார்ட் தானே குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தட்டின் தரைக்கு இறக்கினார். குரு சாமி அதன்மேல், மேளங்கள் இருபக்கமும், மூங்கில் தூணும் திரைச்சீலையும் கடைசியில் மேலே. எல்லாம் ஏறி முடிந்தபோது வண்டி பாதி உயரம்கூட இல்லாதது போல இருந்தது.

விடிந்ததும் கிளம்பினோம். மழை விட்டிருந்தது, சாலை முழுக்க ஈரம். முன்னால் நாங்கள் மூவரும். சுல்தான் வளைவுக்கு வளைவு உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினான், அக்கா தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். மீ தோவுக்குக் கொஞ்சம் முன்னால், இருபக்கமும் வாய்க்கால் ஓடுகிற ஓர் இடத்தில், வளைவின் மறைவில் ஒரு வாத்துக் கூட்டம் சாலையை நிறைத்துக்கொண்டு நின்றது. நடுவில் கோலோடு ஒரு கிழவர், கூட்டத்தைவிட நிதானமாக.

சுல்தான் ஸ்டீயரிங்கை ஒடித்தான். வண்டி சாய்ந்தது. நன்றாகவே சாய்ந்தது, என் தோள் அக்காவின்மேல் போய் இடித்தது. ஆனால் பின்பாகம் தன் இடத்திலேயே இருந்தது. சாலையின் ஓரத்தில் புல்லை உரசிக்கொண்டு போய், மெல்ல நிமிர்ந்து, நின்றது. வாத்துகள் கத்திக்கொண்டே ஒவ்வொன்றாக வாய்க்காலில் இறங்கின.

"சாஞ்சுதே!" என்றார் அக்கா, என்னை முறைத்து.

நான் பதில் தேடுவதற்குள் சுல்தான் சொல்லிவிட்டான். அவன் முகத்தில் வியர்வை வழிந்தாலும் கைகள் ஸ்டீயரிங்கின்மேல் லேசாகக் கிடந்தன.

"சாஞ்சிச்சி அக்கா. சாஞ்சி, போதும்டா சுல்தானுன்னு எங்கிட்ட சொல்லிச்சி. அதான் கால எடுத்துட்டேன். நேத்து அது ஒண்ணுமே சொல்லலியே."

அக்கா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். கடைசி வாத்து இறங்குகிறவரை காத்திருந்துவிட்டு, சுல்தான் வண்டியைக் கிளப்பினான்.